சொல்லின் கடைசி எழுத்துவரை படித்தவருக்கு

மருந்தின் மாண்பும் மனிதரின் மனமும் அறிந்த மருந்தாளுநர், வரிசையில் நிற்போரின் வாட்டத்தை வாய் திறவாமலே உணர்ந்த வல்லுநர், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஓயாத உழைப்பாளர், பெருமதிப்பிற்குரிய தலைமை மருந்தாளுநர் திரு. அ. காசிம் அவர்களே,

வணக்கம். தங்கள் பணி ஓய்வு நாளில் தரும் இம்மடலை வாசித்து முடிக்கும்வரை தாங்கள் இருக்கையைவிட்டு எழக் கூடாது என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். கிடங்குச் சாவியை நேற்றே ஒப்படைத்துவிட்டீர்கள். அதன் பிறகும் மூன்று முறை வந்து குளிர்பெட்டியின் அளவைப் பார்த்துப் போனீர்கள். "இவரு இனி வூட்ல எப்படி இருப்பாருன்னு எனக்குத்தாங்க பயமா இருக்குது" என்று தங்கள் துணைவியார் அமீருன்னிசா அம்மையார் எங்களிடம் சொன்னார். எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. எங்களைப் பற்றியும் உண்டு.

முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் தாங்கள் சொற்களின் வால்களைத் தேடி அலைந்தீர்கள். அதற்குக் காரணம் ஒரு தவறு. பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில், முனியம்மாள் என்ற மூதாட்டிக்குச் சர்க்கரைக்கான குளோர்புரோபமைடுக்குப் பதிலாக மனநோய்க்கான குளோர்புரோமசினை எடுத்து நீட்டினீர்கள். "இது என் மாத்தர இல்லீங்க, நிறம் வேற" என்று அவர் திருப்பித் தந்ததால் ஆபத்து விலகியது. இரண்டு பெயர்களும் ஒன்றுபோலத் தொடங்கி முடிவில்தான் பிரிகின்றன. அன்று முதல் எந்தப் பெயரையும் கடைசி எழுத்துவரை படிப்பதைத் தாங்கள் விரதமாகக் கொண்டீர்கள். இந்தக் கதையை எங்களிடம் மறைக்காமல் சொன்னதற்காகவே தங்களை நாங்கள் முதலில் மதித்தோம்.

தமிழில் வந்தான், வந்தாள் என்று விகுதி ஆளைக் காட்டுவதுபோல, ஐரோப்பிய மொழிகளில் பின்னொட்டு நோயையும் வைத்தியத்தையும் காட்டும் என்பீர்கள். ஆர்த்ரைட்டிஸ் போன்ற பெயர்களின் வாலான 'ஐட்டிஸ்' என்பது கிரேக்கத்தில் 'அதைச் சார்ந்தது' என்ற அளவில்தான் இருந்ததாம். மூட்டைச் சார்ந்த நோய் என்று சொல்லிச் சொல்லி, நோய் என்ற சொல் உதிர்ந்துபோய், வால் மட்டும் நின்று வீக்கத்தைக் குறித்ததாம். ஜெர்மானியர் அதை அப்படியே வைத்துக்கொள்ள, பிரெஞ்சுக்காரர் நறுக்கி 'ஈத்' என்றாக்க, இத்தாலியர் 'ஈத்தே' என்று நீட்டினராம். கிளிசராலின் கடைசியில் இருக்கும் 'ஆல்' ஆல்கஹாலிலிருந்து முறிந்த துண்டு என்றும், அந்த ஆல்கஹாலே அரபியில் கண்ணுக்கு இடும் சுருமாவின் பெயர் என்றும் சொன்ன நாளில், உணவு இடைவேளை முடிந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டவர்களும் எங்களில் உண்டு. இம்மடலை எழுதும் மருந்தாளுநர் நிர்மலாவாகிய நானும் அவர்களில் ஒருத்தி.

இரண்டாண்டுக்கு முன் ஓர் ஐப்பசி மாலை அந்தச் சலிப்பு முடிந்தது.

சித்தேரி மலையைச் சேர்ந்த கருப்பி என்பவர் வந்து காய்ச்சல் மாத்திரை மட்டும் கேட்டார். சீட்டு எங்கே என்றீர்கள். "சீட்டெல்லாம் வேண்டாங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்கு மலைக்குப் போறோம். பெரிய ஆஸ்பத்திரியில எங்கூட்டுக்காரரு கிட்னிய எடுக்கப் போறாங்க. அதான் கிளம்பி வந்துட்டோம்" என்றார். வெளியே பலகையில் அவர் கணவர் திருமால் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பெரிய மருத்துவமனையில் மருத்துவர் வந்து விளக்குவதற்குள், கருப்பியின் தம்பி மாயவனோடு மூவரும் வார்டைவிட்டு வந்துவிட்டார்கள். கிட்னியை எடுக்கப் போகிறார்கள் என்ற சேதியைச் சொன்னது மாயவனின் கைபேசி.

அவர்கள் கொண்டுவந்திருந்த, சிகிச்சையின் பெயர் எழுதிய பெரிய மருத்துவமனைக் காகிதத்தைத் தாங்கள் வாங்கிப் படித்தீர்கள். மீண்டும் படித்தீர்கள். பிறகு கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினீர்கள்.

"தம்பி, போன்ல எத்தன எழுத்து அடிச்சீங்க?"

"நெப் வரைக்கும் அடிச்சேங்க. மீதிய அதுவே போட்டுக்கிச்சு."

"அது நெப்ரெக்டமின்னு போட்டுக்கிச்சு. இங்க எழுதியிருக்கறது நெப்ராஸ்டமி. எக்டமின்னா வெட்டி எடுக்கறது. ஆஸ்டமின்னா வாய் வெக்கறது. ஸ்டோமான்னா கிரேக்கத்துல வாய். கல்லு அடைச்சு உள்ள தேங்கினது வெளிய வர ஒரு வாய் வெக்கறாங்க. கிட்னி அங்கயேதான் இருக்கும்."

தங்கள் கணிப்பை மட்டும் நம்பித் தாங்கள் நின்றுவிடவில்லை. பணியிலிருந்த மருத்துவர் வெண்மதியை அழைத்து வந்தீர்கள். அவர் பெரிய மருத்துவமனைக்குப் பேசி உறுதிசெய்தார். சீழ் பிடித்திருக்கிறது, இன்றிரவு மலைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். மாயவன் ஒவ்வோர் எழுத்தாக அடித்துப் பார்த்துத் தலைகுனிந்தார். கருப்பி மட்டும் அசையவில்லை.

"கிரேக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க கூட வருவீங்களா?"

"வரேம்மா."

108 வண்டியில் தாங்கள் ஏறிக்கொண்டீர்கள். குழாய் பொருத்தி முடியும்வரை நடைவழியில் ஒரு கணமும் உட்காராமல் நடந்ததை மாயவன்தான் பிறகு எங்களிடம் சொன்னார். சில வாரங்களில் கல்லையும் எடுத்தார்கள். "அந்த வாய மூடியாச்சுங்க" என்று சொல்லக் கருப்பி சாமை அரிசியோடு வந்தபோது, நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

தாங்கள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் லீவுல இருந்திருந்தா?" என்று என்னிடம் கேட்டீர்கள். அன்று அந்தக் காகிதத்தைக் கருப்பியிடமிருந்து முதலில் வாங்கியவள் நான். மூன்று எழுத்துப் படித்துவிட்டு, சிறுநீரகம் சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லித் தங்களிடம் நீட்டியவளும் நான். இதைத் தாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

அயராத அன்பரே, தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. நாளை மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தாங்கள் மருந்து வழங்கிய அந்தச் சாளரத்தில் நான் நிற்பேன். எங்களுக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் தாங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே அப்படி எழுதவில்லை. தங்கள் கால்களுக்கு வலுவும், கண்களுக்கு ஒளியும், நெடுநாள் விழித்திருந்த நெஞ்சுக்கு நிம்மதியான உறக்கமும் வாய்த்து, அம்மையாரோடு நூறாண்டு நலமாக வாழ வேண்டுகிறோம். எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் தவறாமல் எடுங்கள். யாராவது ஒருவருடைய சீட்டு எங்கள் கையில் இருக்கும். அவர் சாளரத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருப்பார்.

என்றும் தங்கள் அன்புக்கும் கண்டிப்புக்கும் கடமைப்பட்ட,
மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தகப் பணியாளர்கள்,
அரசு மருத்துவமனை, தருமபுரி மாவட்டம்.