விரிப்பு மடித்தபடி எதிர்ச்சொல்

வாங்க கண்ணுங்களா, கிட்ட வந்து உக்காருங்க. ஒரு ஓட்டல் சலவைக்கூடத்துல, விரிப்பு மடிச்சுக்கிட்டே இங்கிலீஷ் படிச்ச அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கிட்டதைச் சொல்றேன். காதைக் கொடுங்க.

அண்ணி: ...முனையை இறுக்கிப் பிடிடி! தொங்குது பாரு.

நாத்தனார்: பிடிச்சுத்தான் இருக்கேன் அண்ணி. மடிக்கக் கிட்ட வந்தா அதே அர்த்தமுள்ள சொல், தள்ளிப் போனா எதிர்ச்சொல். ஆப்ஸ்டினேட்! வாங்க கிட்ட...

அண்ணி: பிடிவாதம்... ஸ்டபர்ன்!

நாத்தனார்: இன்னொண்ணு?

அண்ணி: ம்... உங்க அண்ணன்!

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: சரி சரி, ஹெட்ஸ்ட்ராங். இப்ப தள்ளிப் போறேன்... ஃப்ளெக்ஸிபிள். அது நான்.

நாத்தனார்: நீங்களா! நல்லா வளைஞ்சு கொடுத்தீங்க போங்க. அடுத்த விரிப்பு எடுங்க. லொக்வேஷியஸ்!

அண்ணி: வாயாடி. டாக்கடிவ். அது நீ. தள்ளிப் போனா... டாசிடர்ன். வாயே திறக்காதவர். உங்கப்பா.

நாத்தனார்: அம்மா திறக்க விட்டாத்தானே!

அண்ணி: இங்க எல்லாம் வாயில வருதுடி. நாளைக்கு இன்டர்வியூல மேனேஜர் கேக்கும்போது வரணுமே. போன தடவை மாதிரி ஆச்சுன்னா... மூணாவது தடவை கூப்பிட மாட்டாங்க.

நாத்தனார்: போன தடவை அப்படி என்னதான் ஆச்சு? கேட்டாலே மழுப்புறீங்க.

அண்ணி: சொன்னா கூடம் பூரா பரப்பிடுவே.

நாத்தனார்: சத்தியமா மாட்டேன்.

அண்ணி: எதிர்ச்சொல் கேட்டாரா... கால் தானா பின்னால உந்திடுச்சு. உக்காந்திருந்தது சக்கரம் வெச்ச ஆபீஸ் நாற்காலி... அப்படியே உருண்டு போய் சுவத்துல இடிச்சு நின்னேன். ரெண்டு கையும் விரிப்பு பிடிச்ச மாதிரியே மேல...

நாத்தனார்: ஐயோ... அப்புறம்?

அண்ணி: அவர் பயந்துபோய் தண்ணி கொடுத்து அனுப்பிட்டார்.

நாத்தனார்: போதும் அண்ணி... வயிறு வலிக்குது!

அண்ணி: சிரி, சிரி. எனக்குத்தான்... இரு... மூச்சு...

நாத்தனார்: மறுபடியும் இளைப்பா? அந்த நீராவி இஸ்திரிகிட்டேர்ந்து இந்தப் பக்கம் வாங்க. மெதுவா விடுங்க... மெதுவா...

அண்ணி: ம்... பரவால்ல. வரவேற்பு மேசை வேலை கிடைச்சாத்தான் இந்த நீராவியிலேர்ந்து எனக்கு விடிவு.

நாத்தனார்: கிடைக்கும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கையைக் கட்டிக்கிட்டு, காலை ஆட்டாம சொல்லுங்க. பெனெவலன்ட்?

அண்ணி: நல்ல மனசு... கைண்ட்... கைண்ட்ஹார்ட்டட். எதிர்ச்சொல்... கால் துடிக்குதுடி...

நாத்தனார்: நகரக் கூடாது!

அண்ணி: ...மலெவலன்ட்! கெட்ட மனசு!

நாத்தனார்: அடி சக்கை! அசையாமலே வந்துடுச்சு பாருங்க!

அண்ணி: ஆமா... சொல்லெல்லாம் எழுதி வெச்ச உன் செல்போன் பையில கிடக்கு. இத்தனையும் பார்க்காமலே எப்படிக் கேக்கிறே?

நாத்தனார்: அது... கேட்டுக் கேட்டு மனசுல நின்னுடுச்சு.

அண்ணி: அப்ப நீயும் அந்த வேலைக்கு மனு போட்டிருக்கலாமே?

நாத்தனார்: எனக்கெதுக்கு? நான் இங்கயே நல்லாத்தானே இருக்கேன்.

அண்ணி: என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

நாத்தனார்: ...போட்டேன். என்னையும் கூப்பிட்டாங்க. இருக்கிறது ஒரே இடம் அண்ணி. நீங்க மூச்சுக்குத் தவிக்கிறதைப் பார்த்துட்டு நான் எப்படிப் போட்டிக்கு நிக்கிறது? வரலைன்னு காலையிலயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். கோச்சுக்காதீங்க...

அண்ணி: தெரியும்டி, அசடு. நீ வெளிய வந்ததுமே அவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். அவ வருவா, பேரை எடுக்காதீங்கன்னு நான் சொல்லிட்டு வந்தேன். நான் தோத்தா என்னைக் கிழிசல் தைக்கிற அறைக்கு மாத்திடுங்கன்னும் கேட்டேன், அங்க நீராவி கிடையாது. சரின்னுட்டார். அதனால நாளைக்கு என்னை ஜெயிக்கப் பாரு... விட்டுக்கொடுத்தே, வீட்டுல உன்னோட பேச மாட்டேன்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுலயும் ஒருத்தர் உயர இன்னொருத்தர் தோள் கொடுக்கணும், எல்லாரும் மூச்சு முட்டச் சிரிச்சு நல்லா இருக்கணும்.