நாற்பத்தொன்றில் ஒன்று

நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. போனில் இன்னும் மோசம். நேற்று நீங்கள் "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டபோது "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் பரவாயில்லை. அது உங்களுக்கே தெரியும். மூன்று வருடமாக என் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மாவும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்களும் அண்ணனும் இன்னும் சில நூறு பேரும் சேர்ந்து, கணினிக்கான ஓர் இயங்குதளத்தை யாருக்கும் இலவசமாகத் தருகிறீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு நிரலுக்கும் ஒருவர் பொறுப்பு. மூல நிரலை வாங்கி, அதற்கு எந்தெந்தத் துணை நிரல்கள் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி, பில்ட் செய்து, அதாவது ஓடும் நிரலாகக் கட்டிப் பார்த்து, பேக்கேஜாக அனுப்ப வேண்டும். துணை நிரல் ஒன்றின் பெயர் மாறினால்கூட பில்ட் நின்றுவிடும். அண்ணனின் பொறுப்பில் நாற்பத்தொரு பேக்கேஜ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, கண் அசைவைக் கேமராவில் பார்த்து எழுத்தாக்கி வாசித்துக் காட்டும் நிரல். வாய் பேச முடியாத யாரோ கேட்டதற்காக எடுத்துக்கொண்டாராம். அப்போது அவர் ஒரே மூச்சில் மூன்று மாடி ஏறுவார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது கண் மட்டும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் அம்மா எழுத்துகளை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். நான் வரிசை வரிசையாக விரலை ஓட்டுவேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடுவார். ஒரு வாக்கியத்துக்கு இருபது நிமிடம். வேதியியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான், நேரம் இருந்தது. அனுப்புவது அவர்தான் என்று காட்டும் கையெழுத்துச் சாவியின் ரகசியச் சொல்லையும் அப்படித்தான் சொன்னார். சின்ன வயதில் அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. எலிக்குஞ்சு.

முதல் வருடம் அவர் சொன்னதை அப்படியே தட்டினேன். பிறகு, சொல்லப்போவது தெரிந்ததால் பாதியில் நிறுத்தி மீதியை நானே எழுதினேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். நீங்கள் ஒருமுறை "கிழவா, உயிரோட இருக்கியா?" என்று கேட்டு எழுதினீர்கள். "உன் தாடியை மழிச்சிட்டுத்தான் போவேன்" என்று பதில் வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாக எழுதினீர்கள். அது நான்தான். அதுவரை யாரையும் நான் சிரிக்க வைத்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன், அந்தக் கண் நிரலுக்கு வேண்டிய கேமராவை நீங்கள் அனுப்பினீர்கள். பெட்டியைப் பிரித்ததும் அம்மா அதைத் துடைத்து அண்ணன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இனிமே நீயே பேசப்போறடா. முதல்ல என் சமையலைத் திட்டு, பாக்கலாம்" என்றாள்.

அந்த வாரம்தான் அந்த நிரலின் துணை நிரல் ஒன்றின் பெயர் மாறியிருந்தது. அண்ணன் கட்டிலிலிருந்து திரை நன்றாகத் தெரியும். பில்ட் ஓடி, சிவப்பு வரியில் நிற்பதை அவரும் பார்த்தார். உடனே அட்டையைப் பார்த்தார். எடுத்தேன். எந்தக் கோப்பு, எந்த வரி, புதிய பெயர் என்ன என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஐம்பது நிமிடம் ஆயிற்று. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. போதும் என்று அட்டையை மடக்கப் போனேன். இன்னும் இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

"இது வந்ததும் எல்லாத்தையும் தாடிகிட்ட குடுத்துடு. நீ வேலைக்குப் போ."

தாடி என்றால் நீங்கள். நான் அதைத் தனித் தாளில் எழுதிக்கொண்டேன். அவர் களைப்பில் சொல்கிறார் என்று புரிந்தது. நாற்பத்தொன்றையும் கொடுத்துவிட்டால் காலையில் எழுந்து நான் யாருக்குப் பதில் எழுதுவது? வெளியே போய் யாரிடம் என்ன பேசுவது? இதையெல்லாம் அவர் யோசித்திருக்க மாட்டார்.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது அந்த ஒரு வரியை மாற்றி பில்ட் செய்தேன். பதினோரு நிமிடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். அவர் எழுந்ததும், "சரிப்பட்டு வரலண்ணா" என்றேன்.

திரை வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று மேசையைத் திருப்பிப் போட்டேன்.

"அந்தக் கேமரா என்னடி ஆச்சு?" என்று அம்மா இரண்டு மூன்று முறை கேட்டாள். "நீதான் படிச்சவளாச்சே, ஓட வையேன்."

"நான் பாத்துக்கிறேன்மா."

உங்களுக்கும் அதையேதான் எழுதினேன். பில்ட் ஆகாத பேக்கேஜை வேறு யாரும் சரிசெய்து அனுப்பலாம். ஆனால் பொறுப்பாளர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டால் மற்றவர்கள் கைவைப்பதில்லை. அது உங்கள் மரியாதை. மூன்று பேர் சரிசெய்து தர முன்வந்தார்கள். மூன்று பேருக்கும் அண்ணன் பெயரில், அவர் சாவியால் கையெழுத்திட்டு, பார்த்துக்கொள்வதாக எழுதினேன். புதிய பதிப்பு வெளியாகும் நேரம் வந்தது. பில்ட் ஆகாததை வைத்திருக்க முடியாது என்று அந்த நிரலை நீக்கிவிட்டார்கள். நான் நீக்கவில்லை.

ஒரு தகப்பன் எழுதிய கடிதத்தை நீங்கள் போனில் வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு அது ஏற்கெனவே மனப்பாடம். அவர் மகளுக்குப் பதினான்கு வயது. கணினியைப் புதுப்பித்ததும் நிரல் காணாமல் போய்விட்டது. 'ஒன்பது நாளாக என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா' என்று எழுதியிருந்தார். ஐயா என்று என்னை யாரும் அழைத்ததில்லை. விரைவில் ஆவன செய்வதாகப் பதில் போட்டேன். நல்ல பதில்தான் அது. அவர் நன்றிகூடச் சொன்னார்.

"நான் கால் மணி நேரத்துல பண்ணிட்டேன். உனக்கு எட்டு மாசமா வரலையா?" என்று கேட்டீர்கள். வந்தது. முதல் நாளே வந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

எழுத்தட்டையைப் பற்றியும் கேட்டீர்கள். அது அவரை மிகவும் களைக்க வைத்தது, அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அதனால் முதலில் வாரம் ஒருமுறை என்று வைத்தேன். ஏழு மாதமாக அலமாரியின் மேல் இருக்கிறது. யாரும் தூக்கி எறியவில்லை. அண்ணன் அடிக்கடி அலமாரியின் மேல்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே சுவரில் ஓர் ஈரக்கறை உண்டு, அதைப் பார்த்திருக்கலாம். அம்மா வந்து பேசும்போது அவளைப் பார்ப்பார், மேலே பார்ப்பார், மறுபடி அவளைப் பார்ப்பார். "என்னடி பாக்குறான்?" என்பாள் அம்மா. "ஃபேன் சத்தம் போடுதும்மா" என்பேன். கண்ணில் நீர் வழியும். இமைக்காமல் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டேன். படுக்கைப் புண் ஒன்றுகூட வர விடவில்லை. நர்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

நாளை காலை கேமராவை மாட்ட வருகிறீர்கள். கட்டிலுக்கு இடப்பக்கம் பிளக் இருக்கிறது. அவர் தலையணையை இரண்டாக மடித்து வைத்தால் முகம் நேராக நிற்கும். மேசையை நான் பழைய இடத்துக்கே திருப்பிப் போட்டுவிட்டேன்.

முதலில் அவர் ஏதாவது கோபமாகச் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். புது நிரல், எழுத்து மாறி விழும். எனக்கு அவரைத் தெரியும். இந்த ஏழு மாதத்தில் என்னைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை.