பெத்த தகப்பனுக்குக் கறுப்பு றிபன்

கறுப்பு றிபன் அண்ணை, கறுப்பு றிபன்! பெத்த தகப்பனுக்கு! கையில கட்டிப்போட்டுத் திரும்பியும் பாக்காமப் போயிட்டாள்... என்ன, முகத்தைப் பாக்கிறியளோ? ஓம், ஒரு பக்கம் மட்டும்தான். இந்தப் பக்கம் பாருங்கோ, வெங்காயம் மாதிரித் தோல் உரியுது. மற்றப் பக்கம் மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தபடியால் தப்பிச்சுது. இப்பதான் ஆசுப்பத்திரியில களிம்பு தந்து விட்டவை. அந்த டொக்டர் பிள்ளை கேக்குது, "ஐயா, நீங்கள் கடல் தொழில் செய்யிற ஆள், உங்களுக்கு வெயில் புதுசோ?" எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? செத்துக் கிடந்தனான் பிள்ளை எண்டு சொல்லேலுமே? பிறகு வேற வாட்டிலயெல்லோ போட்டிருப்பினம்!

கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை... ஆ, சரி. கொண்டக்டர் இன்னும் தேத்தண்ணிக் கடையில நிக்கிறார், பஸ் இப்போதைக்கு வெளிக்கிடாது. நீங்கள் அடம்பனிலயோ இறங்கிறியள்? நல்லதாப் போச்சு. நான் அதுக்கும் அங்கால, கடற்கரைப் பக்கம். சங்கு குளிக்கிற அருளப்பு எண்டு கேட்டால் ஆரும் சொல்லுவினம்.

எல்லாத்துக்கும் அந்தத் துஷாந்தன் மாஸ்டர்தான் காரணம். போன வருசம் எங்கட பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்த பெடியன். நல்ல பெடியன்தான், குறை சொல்லேலாது... ஆனா என்ன படிப்பிக்கிறார் தெரியுமே? அனர்த்த முன்னாயத்தமாம். புயல் வந்தா என்ன செய்யிறது, கடல் பொங்கினா எங்க ஓடுறது... அண்ணை, எங்களுக்கு! ஓடுறதுக்கு! ரெண்டு வருசத்தில பதினொரு இடம் மாறி, முகாமில கிடந்து, மூண்டு வருசத்துக்கு முதல்தான் ஊருக்குத் திரும்பி வந்த சனம் நாங்கள்! நான் பெற்றோர் கூட்டத்தில எழும்பிக் கேட்டனான், "மாஸ்டர், ஓடுறதில நாங்கள் பட்டம் வாங்கின ஆக்கள், நீங்கள் புதுசா என்ன சொல்லப் போறியள்?" எண்டு. எல்லாரும் கை தட்டிச்சினம். மனுசன் கோவிக்கேல்ல. "ஐயா, நீங்கள் வந்த பிறகு ஓடினியள். நான் வர முதல் யோசிக்கச் சொல்லுறன்" எண்டார். அதுக்கும் கை தட்டிச்சினம். எங்கட சனத்துக்கு ஆர் கதைச்சாலும் கை தட்டோணும்.

அண்டையிலயிருந்து வீட்டில எனக்கு ஆட்சி இல்லை. எல்லாம் அஞ்சலாதான். என்ர மகள், பதின்மூண்டு வயசு. முதலுதவிக் குழுவுக்கு அவதான் தலைவி. தலைவியா வந்த உடன முற்றத்து முருங்கையின்ர கொப்பெல்லாம் வெட்டுவிச்சாள், கூரைக்கு மேல விழுமாம். கூரைத் தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டுவிச்சாள். பிறகு அவசரப் பை எண்டு ஒண்டு. கதவுக்குப் பின்னால தொங்குது. அதுக்குள்ள காணி உறுதி, அடையாள அட்டை, ரோச் லைற், பிஸ்கற், தண்ணிப் போத்தல்... என்ர நல்ல சாரமும்! ஞாயிறு பூசைக்கு அதை எடுக்கப் போனா, "அப்பா, தொடாதேங்கோ, அது புயலுக்கு" எண்டுறாள். பூசைக்குக் கிழிஞ்ச சாரம், புயலுக்குப் புதுச் சாரம்! சொல்லுங்கோ அண்ணை, இது எந்த ஊர் ஞாயம்? மனுசி அன்ரோனெற்றிட்ட முறையிட்டா, அவ பிள்ளையின்ர பக்கம். போன கிழமை அந்தப் பைக்குள்ள செபமாலையையும் வைச்சிட்டா.

சரி, கதைக்கு வாறன். போன சனிக்கிழமை ஒத்திகை. சும்மா ஒத்திகை இல்லை, மன்னாரிலயிருந்து மூண்டு பேர் பைலோட வந்து புள்ளி போடுற ஒத்திகை. நல்லாச் செய்தா மாவட்டப் போட்டிக்குப் போகலாம். பிள்ளை ஒரு மாசமா நித்திரையிலயும் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு எண்ணிக்கொண்டு கிடந்தாள். மணி அடிச்ச உடன சின்னப் பிள்ளையள் வரிசையா மேல் மாடிக்குப் போகோணும். அதே நேரம் கடற்கரையில அஞ்சு காயக்காரர் கிடப்பினம். தலைவி ஓடிப்போய் ஒவ்வொராளாப் பாத்து றிபன் கட்டோணும். சிவப்புக் கட்டினா உடன தூக்கு. மஞ்சள் எண்டா கொஞ்சம் பொறுக்கும். கறுப்பு எண்டா மூச்சில்லை, விட்டுட்டு அடுத்த ஆளிட்டப் போ. கறுப்புக் கட்டின ஆக்களைக் கடைசியாத்தான் எடுக்க வருவினம். அஞ்சு பேரையும் அஞ்சு நிமிசத்துக்குள்ள பாத்து முடிக்கோணும்.

அந்த அஞ்சு காயக்காரரில நானும் ஒராள். எடித் மச்சாளுக்கு மண்டைக் காயம், ஒரு போத்தல் தக்காளிச் சோசையும் ஊத்திக்கொண்டு கிடந்தா, எறும்பு மொய்ச்சுது. அம்புறோசுக்கு நெஞ்சுக் காயம், மயக்கம். எனக்குக் கால் முறிவு. ஒவ்வொராளின்ர கழுத்திலயும் என்ன காயம் எண்டு எழுதின அட்டை தொங்கும்.

பிள்ளை ஓடி வந்தாள். பாத்தாள். கறுப்பைக் கட்டினாள். போயிட்டாள்! அம்புறோசுக்குச் சிவப்பு! நாலு பெடியள் வந்து மாப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு போறாங்கள், நான் அரைக் கண்ணால பாத்துக்கொண்டு கிடக்கிறன். நேரம் பத்தரை. அந்த வெயில்... ஒரு காகம் வந்து நெஞ்சில குந்திச்சுது. செத்தவன் காகம் கலைக்கேலுமே? ஒரு ஆடு வந்து சட்டைப் பொத்தானைக் கடிச்சுத் திண்டுது. மேல் மாடியில பணிஸும் தேத்தண்ணியும் குடுக்கினம், பணிஸ் மணம் கடற்கரை வரைக்கும் வருது! முக்கால் மணித்தியாலம் அண்ணை! கடைசியா எடுக்க வருவினம் எண்டவை, எடுக்கிறதையே மறந்து போச்சினம்!

என்ன, அப்பிடிப் பாக்கிறியள்...? கால் முறிஞ்சவனுக்கு ஏன் கறுப்பு எண்டோ?

ம்... அதுதான்... சரி, உங்களிட்ட ஒளிச்சு என்ன. நாங்கள் கோயில் திருநாளுக்கு வாசாப்புப் போடுறனாங்கள், விடிய விடியப் பாட்டும் ஆட்டமுமா நடக்கிற கூத்து. இருபது வருசமா நான் சேவகன். ஈட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, "ராசா வாறார்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுறது. அவ்வளவுதான். அம்புறோஸ்தான் ராசா. அம்புறோஸ்தான் சாவான். முக்கால் மணித்தியாலம் பாடிப் பாடிச் சாவான், சனம் மூக்கைச் சீறி அழும். எனக்கு ஒருநாளும் சாகத் தரேல்ல அண்ணை! இப்ப ஒத்திகையில பாத்தா, திரும்பவும் அவனுக்கு நெஞ்சு, எனக்குக் கால்!

அட்டையைத் திருப்பிப் போட்டிட்டன். கண்ணைச் செருகி, வாயைக் கொஞ்சம் திறந்து, நல்ல வடிவாச் செத்தன். பாட்டு மட்டும்தான் இல்லை. பிள்ளை வந்து கன்னத்தை என்ர மூக்கடியில வைச்சுப் பத்து எண்ணினாள். சங்கு குளிக்கிறவன் அண்ணை நான், ரெண்டு நிமிசம் தண்ணிக்குக் கீழ நிப்பன், பத்து எண்ணுறது ஒரு காரியமே? பிறகு நாடியைப் பிடிச்சுத் தலையை நிமித்தி, திரும்பவும் பத்து எண்ணினாள். நடுவில எண்ணிக்கை பிழைச்சு, ஆறுக்குப் பிறகு திரும்பவும் அஞ்சு எண்டாள். எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் மூச்சு விடேல்ல பாருங்கோ... நடிப்பு நல்லா வருகுது எண்டு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்! மடப் புத்தி.

பள்ளிக்கூடத்துக்கு முதலாமிடம். வந்த மூண்டு பேரும் பிள்ளையைக் கூப்பிட்டு, "தகப்பன் எண்டும் பாக்காமச் சரியாச் செய்தாய்" எண்டு புகழ்ந்தவை. ஆனா பணிஸ் குடுக்கேக்க அவளைக் காணேல்ல. தண்ணித் தாங்கிக்குப் பின்னால இருந்து அழுதுகொண்டிருந்தவளாம். தாயிட்டச் சொல்லியிருக்கிறாள், "அப்பாவுக்கு உண்மையா மூச்சு நிண்டுட்டுது எண்டு நினைச்சன் அம்மா. நினைச்சுக்கொண்டும் விட்டுட்டுப் போயிட்டன்" எண்டு.

ஆறு நாள் அண்ணை. என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. சோத்துக் கோப்பையை வைப்பாள், போவாள். நான் பகிடி விட்டுப் பாத்தன். காகம் வந்த கதை, ஆடு பொத்தான் திண்ட கதை... ஊரே சிரிச்சுது, அவள் சிரிக்கேல்ல.

இண்டைக்குக் காலமை அவள் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தவள். நான் போய்ப் பக்கத்தில குந்தினன். எனக்கு வேற கதை வரேல்ல அண்ணை. நாலு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாத கதைதான் வந்தது. "பிள்ளை, நான் அப்பம்மாவை விட்டுட்டு வந்தவன்" எண்டன். சண்டையின்ர கடைசி நேரம், பங்கருக்குப் பக்கத்தில ஷெல் விழுந்தது. என்ர அம்மா விழுந்து கிடந்தா. நான் இவளைத் தோளில போட்டுக்கொண்டு ஓடிட்டன். "மூச்சு இருந்துதோ இல்லையோ, குனிஞ்சுகூடப் பாக்கேல்ல. நீ ரெண்டு தரம் பாத்தாய். நான் ஒருக்காக்கூடப் பாக்கேல்ல. அழவேண்டிய ஆள் நீ இல்லை பிள்ளை" எண்டன்.

பூசின கையை அப்பிடியே நிப்பாட்டிப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தாள்.

"நீங்கள் பாத்தனீங்கள் அப்பா" எண்டாள். "என்னை இறக்கி விட்டுட்டுக் குனிஞ்சு, அப்பம்மாவின்ர மூக்கடியில கன்னத்தை வைச்சுப் பாத்தனீங்கள். கனநேரம் பாத்தனீங்கள். பிறகுதான் என்னைத் தூக்கினனீங்கள். நான் பக்கத்தில நிண்டனான். மாஸ்டர் படிப்பிக்க முதலே எனக்கு அது தெரியும்."

எனக்கு நினைவில்லை அண்ணை. அந்த நாளில அந்த இடம் மட்டும் என்ர மண்டையில இல்லை. நாலு வருசமாப் பூசைக்குப் போறன், முழங்காலில நிண்டு அதையே சொல்லி அழுதனான், பாக்காம விட்டுட்டு வந்தன், பாக்காம விட்டுட்டு வந்தன் எண்டு... பாத்தனானாம்! அவள் பொய் சொல்லமாட்டாள், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒன்பது வயசுப் பிள்ளை கண்டு வைச்சிருக்குது, எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சே!

இல்லை இல்லை, கண்ணுக்குள்ள களிம்பு பட்டிட்டுது, வேற ஒண்டுமில்லை. நீங்கள் இருங்கோ... அந்தா கொண்டக்டர் வாறார்.

வாற வெள்ளி மன்னாரில மாவட்டப் போட்டி. "எனக்கும் ஒரு காயம் தருவியோ பிள்ளை" எண்டு கேட்டன், சும்மா ஒரு நப்பாசை. சாகிற வேசம் எனக்கு இனி ஒருநாளும் இல்லையாம். சத்தியம் வாங்கிப்போட்டாள். "உங்களுக்குப் பச்சை" எண்டாள். பச்சை எண்டா சின்னக் காயக்காரர், நடந்து வரக்கூடிய ஆக்கள். கத்தக் கூடாது, விழக் கூடாது, வாயே திறக்கக் கூடாதாம்! என்னை! வாய் திறக்க வேண்டாமாம்!

"பிறகு நான் என்னத்தைச் செய்யிறது?" எண்டு கேட்டன் அண்ணை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "நான் திரும்பிப் பாக்கிற நேரமெல்லாம் எனக்குப் பின்னால வந்துகொண்டிருக்கோணும் அப்பா, அவ்வளவுதான்."