டெம்பரவரி குரல்

ஆமாக்கா, சூதாட்டந்தான். எட்டிப் பாத்துட்டு அந்தப் பக்கமா திரும்பி உக்காந்துக்கிட்டா இல்லன்னு ஆயிருமா? நல்லாவே பாருங்க. இது சக்கரம், இது சீட்டு, இந்தா மினுக்கு மினுக்குன்னு மின்னுதே, இது காசு போடுற பட்டன். நான் ஆடலக்கா. சோதிச்சுப் பாக்குறேன். அதுதான் என் வேல.

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. இந்தப் பார்வ எனக்குப் பழகிப் போச்சு. நீங்களும் அல் ஐனா? அப்ப நல்லதாப் போச்சு, இந்த பஸ்ஸுல கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம். மக வீடா? சரி சரி. நான் வேற ஒரு சோலியா போறேன்.

இல்லக்கா, இந்த ஊர்ல இது ஓடாது. எங்கேயோ ஒரு தீவுல லைசென்ஸ் வாங்குன கம்பெனி. எங்க ஆபீஸ்ல சோதிக்கிறதுக்கு மட்டும் தனி ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க. இதுல நான் லட்ச லட்சமா ஜெயிச்சாலும் எறங்கி ஒரு சாயா குடிக்க முடியாது. எல்லாம் பொய்க்காசு.

என்னத்த சோதிக்கிறதா? நல்லாக் கேட்டீங்க. ஒரு ஆப் செய்றாங்கன்னு வைங்க, அது எந்தப் போன்ல எப்படி ஓடுதுன்னு பாக்கணும். போன் சுடுதா, சார்ஜ் எறங்குதா, பாதியில நெட் போனா என்ன ஆகுது, சக்கரம் சுத்திக்கிட்டு இருக்கும்போது வீட்டுலேர்ந்து கால் வந்தா என்ன ஆகுது. எங்க ஆபீஸ்ல எல்லாம் புதுப் போனா அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் சொன்னேன், இந்தப் போனெல்லாம் யாருகிட்ட இருக்கு? தமிழ்ல போடுறீங்கள்ல, தமிழ்ல ஆடப்போறது யாரு, எந்தெந்த நாட்டுலயோ லேபர் கேம்ப்ல கெடக்குற நம்ம ஆளுகதானேன்னு கேட்டேன். நானே ரோலா கடத்தெருவுக்குப் போயி, மூல ஒடஞ்சது, கண்ணாடி கீறுனதுன்னு செகண்ட் ஹேண்டு போனாப் பொறுக்கிட்டு வந்தேன். கைய நனைச்சுக்கிட்டுத் தொட்டுப் பாப்பேன். வேர்த்த கையிலதானே தொடுவாங்க? எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். அந்தக் கீறல் போன்லதான் விஷயமே மாட்டுச்சு.

என்னன்னா, நெட் வீக்கா இருக்கும்போது வெளிய போற பட்டன அமுக்குனா அப்படியே ஒறஞ்சு நிக்குது. காசு போடுற பட்டன் மட்டும் சுருக்குன்னு வேல செய்யுது. அது எப்படிக்கா? உள்ள வர்ற கதவு தெறந்திருக்கு, வெளிய போற கதவு எறுகிக் கெடக்கு. இதவிடப் பெரிய கோளாறு வேற இல்லன்னு எழுதிக் குடுத்தேன். எங்க மேனேஜரு, விஷால்னு பேரு, இங்கயே பொறந்து வளந்த தமிழ்ப் பையன், தங்கமாப் பேசுவான், அவன் அதச் சின்னக் கோளாறுன்னு மாத்திட்டான். நான் திருப்பிப் பெருசுன்னு போட்டேன். அவன் மறுபடி சின்னதுன்னு போட்டான். இப்படியே எங்க ரெண்டு பேருக்கும் சக்கரம் சுத்துன மாதிரிதான்.

வேற வேல தேடிக்கிட வேண்டியதுதானேன்னு கேக்குறீங்க. எல்லாரும் கேக்குறாங்க. நான் சோதிக்கலன்னா அது வெளிய வராம இருந்துருமா? இன்னொருத்தன் வருவான், புதுப் போன்ல ரெண்டு தட்டுத் தட்டிட்டு எல்லாம் சரின்னு போட்டுட்டுப் போயிருவான். நான் உள்ள இருந்ததுனாலதான் அந்தக் கதவு எறுகிக் கெடந்தது தெரிஞ்சுது. அதுக்கு வெக்கப்பட நான் தயாரா இல்ல.

ஆனா சண்ட அதோட நிக்கல. இன்னொண்ணு வந்துச்சு. குரலு.

ஆட்டத்துல ஒரு பொம்பள பேசுமே, கேட்டுருக்கீங்களா? நீங்க எங்க கேட்டுருப்பீங்க. வாங்கன்னு கூப்புடும், ஜெயிச்சா சபாஷ்னு சொல்லும், தோத்தா ஆறுதல் சொல்லும். தமிழ்க் குரல் குடுக்க ஆள் வர்றதுக்கு லேட்டாகும், சத்தம் சரியா வருதான்னு மட்டும் பாக்கணும், டெம்பரவரியா நீ பேசிக் குடு உமான்னான் விஷால். உமாராணி, என் பேரு. மீட்டிங் ரூம் கதவச் சாத்திக்கிட்டு, ஏசிய நிறுத்திட்டு, வேர்க்க வேர்க்கப் பேசுனேன். இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தத நானே தமிழாக்கி. அதுல பிளேயர்னு இருந்துச்சு. தமிழ்ல என்னன்னு சொல்றது? ஆட்டக்காரரேன்னா? சாருன்னா? கேம்ப்ல இருக்குற ஆளுகள யாருக்கா சாருன்னு கூப்புடுறா? அண்ணேன்னு சொன்னேன். வாங்கண்ணே. சூப்பர்ண்ணே. பரவால்லண்ணே, அடுத்த தடவ பாத்துக்கலாம். அவ்வளவுதான். சோதிச்சு முடிச்சதும் அழிச்சுருவாங்கன்னு நெனச்சேன்.

அழிக்கல. ஆப் வெளிய வந்து மாசக்கணக்காச்சு, நான் வேற வேலையில இருந்தேன், கவனிக்கவே இல்ல. ஒரு நாளு புதுசா ஒரு மாத்தம் சோதிக்கக் குடுத்தாங்க. ஹெட்போனப் போட்டா நான் பேசுறேன். ஊரெல்லாம் நான் பேசிக்கிட்டு இருந்துருக்கேன்க்கா.

விஷாலக் கேட்டேன். அவன் அசரவே இல்ல. கணக்கு எடுத்துப் பாத்தோம் உமா, உன் குரல் இருந்தா ஆளுங்க கூடுதல் நேரம் இருக்காங்க, வேற ஆள வெச்சு எடுத்ததுல அந்த உருக்கம் வரல, உனக்கு அதுக்குன்னு தனியா ஏதாச்சும் செய்யச் சொல்றேன்னான். எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. அதுக்குத்தாண்டா எடுக்கச் சொல்றேன்னு வாயில வந்துருச்சு. மேனேஜர டா போட்டுட்டேன். ஹால்ல அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு அங்கயே நின்னு சொன்னேன். வெளிய போற பட்டன் வேல செய்யாது, காதுல மட்டும் நான் பரவால்லண்ணே பரவால்லண்ணேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேனா? வெயில்ல வெந்துட்டு வந்து படுக்குற மனுசன் இத்தன பேருகிட்ட என்னையச் சொந்தமாக்கி விட்டு ஏமாத்துறீங்களான்னு கேட்டேன்.

எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு. பாலகுருன்னு, கணக்காளரா இருக்காரு. வேல போனா விசா போயிரும்னாரு. போனாப் போகுது, என் தொண்ட என்னோடதுன்னேன். மேலிடத்துக்கு நேரா எழுதுனேன். என்னையக் கேக்காம என் குரல வித்துருக்கீங்க, எடுக்கலன்னா இந்த ஊர்லயும் கேப்பேன், அந்தத் தீவுலயும் கேப்பேன்னு. பயந்தாங்களோ என்னவோ, எடுத்துட்டாங்க. அந்தப் பட்டனையும் சரி பண்ணுனாங்க. கூடவே என் வேலையையும் எடுத்துட்டாங்க. இப்ப நோட்டீஸ்ல இருக்கேன். இந்தப் போன இனிமேத்தான் திருப்பிக் குடுக்கணும்.

அய்யோ, உச்சுக் கொட்டாதீங்கக்கா. நான் ஜெயிச்சுட்டேன். எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல. இப்பவும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், நிசமாவே எடுத்துட்டாங்களான்னு. இந்தா, தோத்தா இப்ப வெறும் மணிதான் அடிக்குது. டிங்குன்னு. கேட்டுச்சா?

அட, வெளிய பாருங்க, மண்ணு எப்படிச் செக்கச் செவேல்னு மாறிருச்சு. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. ஆறு வருசமா ஷார்ஜாலதான் இருக்கேன். ரெண்டு மணி நேர வழி, ஒரு தடவகூட வரல.

அங்க யாருன்னா... எங்க அண்ணன் இருக்கான். கூடப் பொறந்தவன். சனாயியான்னு பட்டறைங்க இருக்குற ஏரியா, அந்தப் பக்கம் கேம்ப்ல, கம்பி கட்டுற வேல. கார்மேகம்னு பேரு. ஆமா, இதே நாட்டுலதான். பேசுறதில்ல.

நான்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேனே. வேற ஆளுக எங்க வீட்டுக்காரரு பக்கம். உங்களுக்குப் புரிஞ்சா சரி. எங்க அப்பா செத்ததுக்கப்புறம் அண்ணந்தான் என்னையப் படிக்க வெச்சான். இந்த ஊரு வெயில்ல நின்னு படிக்க வெச்சான். அதச் சொல்லித்தான் கேட்டான், இதுக்கா படிக்க வெச்சேன்னு. இதுக்குந்தான்னு நான் சொன்னேன். எனக்குத் தங்கச்சி இல்லன்னு வெச்சவன், வெச்சதுதான். நம்பர பிளாக் பண்ணிட்டான். நானும் எறங்கிப் போகல. மன்னிப்பா? எதுக்குக்கா கேக்கணும்? அவரு மாதிரி ஒரு மனுசன் கெடைக்க மாட்டாரு. இன்னைக்குப் போயி அவன் முன்னாடி நின்னாலும் தப்புப் பண்ணிட்டேன்னு என் வாயால வராது. கதவச் சாத்துனா சாத்தட்டும், வெளிய ஒரு கல்லு கெடக்காமயா போகும், உக்காந்துக்கிடுவேன்.

ஒண்ணும் இல்லக்கா, அவன் ரூம்ல சோலமுத்துன்னு எங்க ஊர்க்காரரு ஒருத்தரு இருக்காரு. ஊர்ல நம்பர் வாங்கிப் போன வெள்ளிக்கிழம போன் பண்ணுனாரு. உங்க அண்ணன் போன் ரிப்பேருன்னு சனாயியா பூராக் கட கடையா அலையிறாம்மா, நீ போன் வேலையிலதானே இருக்க, என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுன்னாரு. என்ன ரிப்பேருன்னேன். சத்தம் வரலங்கிறான், ஆனா பாட்டு கேக்குது, கால் பேசுனா கேக்குது, கடக்காரன் போன்ல ஒண்ணும் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டான், இவன் அவன்கிட்ட சண்டைக்கு நிக்கிறான்னாரு.

எதுல சத்தம் வரலையாம்னு கேட்டேன்.

தப்பா நெனைக்காதம்மா, கேம்ப்ல எவனோ ஒருத்தன் என்னமோ பண்ணி அந்தச் சூதாட்டத்த எல்லார் போன்லயும் ஓட விட்டுட்டான், உங்க அண்ணனும் டூட்டி விட்டு வந்தா அதையேதான் கட்டிக்கிட்டுக் கெடந்தான்னாரு. எவ்வளவு விட்டான்னேன். ஒத்தக் காசு போடலம்மா, அதுல பழகுறதுக்குன்னு சும்மா ஒரு ஆட்டம் இருக்குல்ல, பொய்க்காசு, அதுதான் ஆடுவான். அதுலயும் கிறுக்கனாட்டம் வேணும்னே தோப்பான், ஜெயிக்கிற மாதிரி வந்தா ஆட்டத்த மூடிட்டு மறுபடி மொதல்லேர்ந்து தொறப்பான், தோத்ததும் போனக் காதுகிட்டக் கொண்டு போவான், நாங்களும் பாத்துச் சிரிப்போம்னாரு.

அவருக்குத் தெரியாதுக்கா, அது யாரு குரல்னு. அன்னைக்குப் போன்ல பேசுறதுக்கு முன்னாடி என் குரல அவரு எங்க கேட்டுருக்காரு, நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப வந்தவரு இங்க.

இல்ல, நான் அழல. ஏசி நேரா மூஞ்சியில அடிக்குது.

எடுக்கச் சொன்னது சரிதான். இப்பவும் சொல்றேன், மறுபடி வெச்சாங்கன்னா மறுபடியும் போயி நிப்பேன். அத்தன பேரு காதுலேர்ந்தும் அது போகணும்தான். எங்க அண்ணனுக்கு வேணும்னா நானே வந்து சொல்லிட்டுப் போறேன், அதுக்கு எதுக்கு ஒரு ஆப்.

ஸ்டாண்டு வந்துருச்சா? நீங்க எறங்குங்கக்கா, பைய நான் எடுத்துத் தாரேன். சனாயியாவுக்கு இங்கேர்ந்து டாக்சி கெடைக்கும்ல? போயி அந்தப் போன வாங்கிப் பாத்துட்டு, அதுல ஒரு கோளாறும் இல்லண்ணேன்னு சொல்லிட்டு வரணும், அவ்வளவுதான்.