முன்பக்க நம்பர் பிளேட்

இரும்பில் ஓட்டை போடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சின்னக் குழி விழச் செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் டிரில்லை வைத்தால் வழுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அண்ணன்தான். எனக்குத் தெரிந்த எல்லாமே அவர் சொல்லிக்கொடுத்தது. ஆகவே அவரைப் பற்றிக் குறைவாக எதுவும் பேச மாட்டேன்.

நாங்கள் கிரில் பட்டறை நடத்துகிறோம். ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வோம். நடத்துகிறோம் என்பது பேச்சுக்குத்தான். நடத்தியவர் அவர், சொன்னதைச் செய்தவன் நான். கம்பியை எந்த அளவில் வெட்டுவது என்பதிலிருந்து என் தலைமுடியை எப்போது வெட்டுவது என்பது வரை அவர்தான் சொல்வார். ஒரு காலத்தில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். “இவனுக்கு எதுக்கு இப்ப?” என்றார் அண்ணன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சரக்கு ஏற்றும் எங்கள் பிக்கப் வண்டி ஒரு சுவரில் இடித்து முன் பம்பர் நசுங்கிப்போனது. “கையில இரும்ப வச்சுக்கிட்டு கடைக்குப் போவானா எவனாவது?” என்றார் அண்ணன். தடித்த சட்டத்தில் நானே ஒரு பம்பர் செய்து மாட்டினேன். யானை முட்டினாலும் அசையாது. ஆனால் நம்பர் பிளேட்டுக்கு ஓட்டை போட மறந்துவிட்டேன். கிரில் செய்கிறவனுக்குக் கம்பி உறுதியாக இருக்கிறதா என்பதுதான் கண்ணில் படும். அதன்மேல் இன்னொன்றை மாட்டுவார்கள் என்பது தோன்றாது. பிளேட்டை டாஷ்போர்டின் மேல் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டினோம். இன்றைக்கு மாட்டலாம், நாளைக்கு மாட்டலாம் என்று நாள் போய்விட்டது.

ஒருநாள் பாலத்தருகே போலீஸ் அண்ணனை நிறுத்தி வெயிலில் காக்க வைத்தது. அவர் பட்டறைக்கு வந்து, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே முன்னாடி நம்பர் இல்லாம இந்த வண்டி பட்டறை வாசலத் தாண்டுச்சு, கைய ஒடிச்சுருவேன். ஒரு பிளேட் மாட்டக்கூடத் துப்பில்ல. நீயெல்லாம் எதுக்குடா?”

வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதிரி நேரத்தில் சேர்ந்து சிரித்துவிடுவது நல்லது, சீக்கிரம் முடிந்துவிடும்.

அதே வாரம்தான் இது நடந்தது. அரைநாள் வேலை, ஆட்கள் போய்விட்டார்கள். அண்ணன் ஒரு கேட்டின் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று இரும்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“மூச்சு முட்டுதுடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். வண்டிய எடு.”

கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். அவரை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் நினைத்திருந்த கனம் இல்லை. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வண்டியைச் சுற்றி முன்பக்கமாக வந்தேன். பம்பர் மொட்டையாக இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப வேண்டும். கால் நகரவில்லை. உள்ளே அண்ணன் வலியில் துடிக்கிறார். ஆனால் நம்பர் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். நான் என்ன செய்ய முடியும்? ஆம்புலன்ஸுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். வண்டியை எடு என்றுதான் சொன்னார், போன் பண்ணு என்று சொல்லவில்லை. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

டாஷ்போர்டிலிருந்து பிளேட்டை எடுத்தேன். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அது அப்புறம்டா. போலாம்.”

அண்ணன் ஒன்று சொன்னால் அதை மாற்றிச் சொல்கிற ஆள் இல்லை. வலியில் ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கினேன். “ஒரு நிமிஷம்ணே” என்றேன்.

அளந்து, பஞ்ச் அடித்து, டிரில்லை எடுத்தபோது ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அவர் எட்டி ஸ்டியரிங்கை அழுத்திக்கொண்டிருந்தார். விட்டு விட்டு அடித்தது, அப்புறம் விடாமல் அடித்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். வண்டியின் முகம் உள்சுவரைப் பார்த்து இருந்ததால் அவருக்குத் தெரிந்தது பின்பக்கம் மட்டும்தான்.

“என்ன தம்பி, இந்த அடி அடிக்குது?”

“வயர் ஏதோ ஒட்டிக்கிச்சுண்ணே. இதோ கழட்டி விட்டுர்றேன்.”

“காது போச்சு போ” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். நல்ல மனிதர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

பம்பருக்குப் பின்னால்தான் ஹாரனுக்குப் போகும் வயர் இருக்கிறது. வயர் போகிற இடத்தில் டிரில் போடுவதென்றால் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இதுவும் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான். பானெட்டைத் திறந்து கழற்றினேன். ஹாரன் நின்றது. அந்தப் பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. ஜன்னலை இறக்கி வெளியே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். பாட்டரி இல்லாமல் ஜன்னல் இறங்காது என்பது கழற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகும் திரும்ப மாட்டவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அதையெல்லாம் செய்ய முடியாது.

பானெட்டை மூடியதும் அவர் முகம் நேராகத் தெரிந்தது. வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, டிரில் ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அவர் பேசி எனக்குக் கேட்காமல் போனது அப்போதுதான். எனக்குப் பயமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் இங்கே வந்ததற்கு அர்த்தமில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். “நீயாவது கூட இருந்தியே தம்பி” என்றார். வருகிறவர்களிடமெல்லாம், தம்பி மடியில்தான் உயிர் போனது என்று சொன்னார். எங்கிருந்து அந்த மடி வந்தது என்று தெரியவில்லை. நான் மறுக்கவும் இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்தார். “இனிமே நீ சொல்றதுதான் தம்பி. நாங்க கேட்டுக்கறோம்” என்றார்.

மறுநாள் பட்டறையைத் திறந்தேன். வேலையாட்கள் வரிசையாக நின்று என் வாயைப் பார்த்தார்கள். எதை முதலில் வெட்டுவது என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதியம் வரை அப்படியே நின்றுவிட்டு, நேராக இங்கே, ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள், குடித்தேன். எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா, ஐயா.

ஒன்று மட்டும் பாக்கி. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிளேட்டை மாட்டி முடித்தபோது அண்ணன் உயிரோடு இருந்தார். கண் திறந்திருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். அப்போதே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிழைத்திருப்பார்தான். கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் முதுகு படும்வரை பின்னால் போய் நின்று பார்த்தேன். பிளேட்டின் இடது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. திரும்பவும் உட்கார்ந்து இரண்டு போல்ட்டையும் கழற்றினேன்.

கோணலாக இருந்தால் அண்ணன் திட்டுவார்.