பதினான்கு சென்டிமீட்டர் ஈயம்

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு, செங்கல்வராயன் எழுதிக்கொள்வது.

ஏர்பேடு சாலையில் இருக்கும் நம் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. நான் பன்னிரண்டே முக்காலுக்கே டப்பாவைத் திறந்துவிடுவேன். காத்திருக்க யாரும் இல்லை.

கதிர்த் துகள்கள் ஈயத்துக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, தடுப்புச் சுவரின் கனத்தைச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு துகளையும் அது அடங்கும்வரை பின்தொடர வேண்டும். ஆறு வருஷமாக எனக்கு அவற்றோடுதான் பழக்கம்.

பிறகு ஹரிதா வந்தாள். சத்தியவேடுப் பக்கம். என் கணக்கைச் சரிபார்ப்பவள். "இன்னாண்ணே, கம்ப்யூட்டரைப் பாத்துக்கினே துன்றியே, அதுக்கும் ஒரு வாய் குடு" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு மாதம் அங்கேயே சாப்பிட்டாள்.

கருவி அறைக்கு ரகுநந்தன் வேலைக்கு வந்ததும் அவள் டப்பா அங்கே போயிற்று. "அங்க ஏசி கீதுண்ணே, நீயும் வா" என்றாள். மரியாதைக்குக் கூப்பிடும் இடத்துக்கு நான் போவதில்லை.

அந்த மாதம்தான் கதிர் வரும் பக்கத்துக்கும் அவன் அறைக்கும் நடுவே புது ஈயச் சுவர் எழுப்பக் கணக்குக் கேட்டீர்கள். பதினான்கு சென்டிமீட்டர் வேண்டும். ஆற்றல் கொஞ்சம் குறைந்ததுமே துகள் அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளும்படி கோப்பில் ஓர் எண்ணை மாற்றினேன். ஒன்பது போதும் என்று வந்தது.

சரிபார்ப்பவர் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் தற்செயல் எண்ணை மட்டும் மாற்றி, மற்ற எதையும் தொடாமல் அதே கோப்பை மறுபடி ஓட்டுவது நம் வழக்கம். ஹரிதாவும் அப்படியே செய்தாள். அவளுக்கும் ஒன்பதுதான் வந்தது. "உன் கணக்கு என்னிக்கிண்ணே தப்பாயிருக்குது?" என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்துக்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பது நியாயமில்லை.

உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கச் சட்டையில் குத்தும் பட்டையின் அறிக்கை வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் ரகுநந்தன் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம்.

ஹரிதாவும் தினம் ஒரு மணி நேரம் அங்கே இருந்தாளே என்று கேட்டீர்கள். அதைச் சுவர் எழும்பும் முன்பே, கோப்பின் எண்ணை மாற்றாமல் தனியாக மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தாங்கலாம் என்றே வந்தது. வராதிருந்தால் சுவரைப் பத்தாக்கியிருப்பேன்.

அவளுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறீர்களாம். முடிவு வந்ததும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். எதிர் நாற்காலியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.