கொம்பில் இருந்த மை

— வேண்டாங்க. மடத்து ஓபேர் சாமி வந்தா உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடலாம். மூலையில போர்த்திப் படுத்துக்குங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.

— எனக்கா காய்ச்சல்? பாரேன் அமெலின், பாரிஸ்ல பாதிச் சாமியாருங்க என் கை எழுதின வேதத்தைத்தான் அங்கிக் கைக்குள்ள சொருகிக்கிட்டு ஊர் ஊராப் பிரசங்கம் பண்றாங்க. அந்தக் கை போய் ஒளிஞ்சுக்கணுமா?

— அவர் கையைப் பாக்க வரலைங்க. கண்ணைப் பாக்க வர்றார். எழுதற தோல் விக்கிறவன் மடத்துல போய்ச் சொல்லியிருக்கான். ‘லம்பேர் பெரியவர் கதவுன்னு நினைச்சு என் ஜன்னலைத் தட்டினார்’னு.

— அவன் கடைக்குக் கதவும் ஜன்னலும் ஒரே அளவு. கட்டினவனைக் கேக்கச் சொல்லு.

— சிரிக்காதீங்க. என் மாதாவே, உண்மையைச் சொல்லுங்க. கட்டின பொண்டாட்டி என் முகம் தெரியுதா?

— முக்காடு தெரியுது, வெள்ளையா. உள்ள முகம் இருக்குன்னு ஒரு நம்பிக்கை.

— அப்போ எழுத்து? கடுகு கடுகா எழுதற எழுத்து?

— அது எதுக்குத் தெரியணும்? வேதம் முழுக்க மனப்பாடம். மீதிக்குக் கோடு இருக்கு. ஊரே ஈயக் குச்சியால கோடு போடுது, உன்னை மட்டும் தாள்ல இரும்பு ஊசியால கீறச் சொன்னேனே, ஏன்? இங்க விரல் வை. வாய்க்கால் மாதிரிப் பள்ளமா இருக்கா? இடது கை நகம் அந்த வாய்க்கால்ல முன்னாடி நடக்கும். வலது கை பின்னாடியே வரும். குருடன் பசுமாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு வீடு சேர்ற மாதிரிதான்.

— அப்படியே நீங்க எழுதி...

— எழுதின தாளெல்லாம் உன்கிட்டதானே வருது, பத்தியோட முதல் எழுத்துக்குச் சிவப்பும் நீலமும் வைக்க? நீ வச்சு மடத்துக்கு அனுப்பற. ஒண்ணாவது தப்புன்னு திரும்பிச்சா?

— இல்லை.

— ஏன் குரல் இறங்குது?

— ஒண்ணுமில்லை. பயமா இருக்குங்க. இந்தப் புத்தகத்தை ஓபேர் சாமி ஏத்துக்கலைன்னா மடத்து வேலையே போச்சு. வேலை போனா வீடும் போச்சு. எழுத்தர் குடியிருக்கன்னு அவங்க விட்ட வீடு.

— அதனாலதான் சொல்றேன். அவர் கண்ணு முன்னாடியே உக்காந்து எழுதறேன்.

— சரி, எழுதுங்க. அந்த மைக் கொம்பைக் குடுங்க. பழசு திரிஞ்சிருக்கும். புதுசா ஊத்தித் தர்றேன்.

— காலையிலதானே ஊத்தினே?

— அது... குளிருக்குக் கெட்டிப் பட்டிருக்கும்.

— என் கொம்புல கை வைக்காத.

— ஒரே நிமிஷங்க, குடுங்களேன்!

— அமெலின், கையை எடு. தட்டறாங்க பார். போய்த் திற.

— இந்த வீட்டுக்குச் சமாதானம்.

— வாங்க ஓபேர் சாமி. செருப்புச் சத்தமே நீங்கதான்னு சொல்லிடுச்சு.

— சத்தத்தை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கறீங்களா, பெரியவரே? எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. உங்களுக்குக் கண் போச்சுன்னு கேள்விப்பட்டேன்.

— ஊர் வாய் அப்படித்தான் சாமி. முதல்ல உக்காருங்க, கொஞ்சம் திராட்சை ரசம்...

— அப்புறம், மகளே. நான் தெற்கே போறேன். அங்க நமக்கு எதிரா வாதம் பண்றவங்க வேதத்தைத் தலைகீழா ஒப்பிக்கறவங்க. சந்தையில நின்னு இந்தப் புத்தகத்தைத் திறப்பேன். ஒரு வார்த்தை விட்டுப் போயிருந்தாலும் அத்தோட என் வாய் அடைஞ்சுது. கல்லு எடுத்தாலும் எடுப்பாங்க.

— நியாயம். இதுவரை அனுப்பின தாள் கட்டெல்லாம் படிச்சீங்களா?

— வரி வரியா. தப்பே இல்லை. அதுதான் எனக்கு உறுத்துது. கண் தெரியாதவர் எழுதினதுல தப்பே இல்லாம எப்படி இருக்கும்? எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு.

— அப்போ பக்கத்துல உக்காந்து பாருங்க. இது இளங்கன்னுத் தோல். வெங்காயச் சருகு மாதிரி இருக்கா? இவ்வளவு மெலிசா இருந்தாத்தான் முழு வேதமும் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கும். முடி இருந்த பக்கம் லேசா மஞ்சள், சதை ஒட்டின பக்கம் வெள்ளை. கட்டு சேக்கறப்போ மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெள்ளைக்கு எதிரே வெள்ளை வரணும். மாறிச்சுன்னா திறந்த உடனே ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி...

— பெரியவரே, பாடம் போதும். எழுதுங்க.

— எழுதறேன். இறகு முனையை நாக்குல நனைச்சாச்சு. கொம்புல தொட்டாச்சு. கேக்குதா சாமி, கிறீச் கிறீச்னு? நல்ல இறகு பாடும். ஒரு வரி. இதோ ரெண்டாவது. இந்தாங்க.

— ஈரம் தெரியுது. எழுத்தைக் காணோமே.

— மை முதல்ல வெளிறித்தான் இருக்கும் சாமி! மாசிக்காயும் அன்னபேதியும் சேத்த மை. காத்துப் படப் படத்தான் கறுக்கும்.

— தெரியும் மகளே, நானும் மடத்துல எழுதியிருக்கேன். காத்திருக்கேன்.

— ஜன்னலைச் சாத்தட்டுமா? வெயில் உங்க கண்ணுல அடிக்குது.

— வேண்டாம். இங்கேயே நில்லு.

— என்ன, காஞ்சுதா சாமி?

— காஞ்சுது. தாள் வெறுமையா இருக்கு, பெரியவரே. ஒரு புள்ளி கூட இல்லை. உங்க கொம்புல இருக்கறது மை இல்லை. தண்ணி.

— நான்தாங்க. நான்தான் ஊத்தினேன். குளிர் தொடங்கற சகல புனிதர் திருநாள்லேருந்து தண்ணிதான் ஊத்தறேன். மை மணம் வரணும்னு ரெண்டு சொட்டுப் புளிச்ச காடி.

— எதுக்கு மகளே?

— அன்னிக்கு நிறம் வைக்க ஒரு தாள் வந்துச்சு சாமி. வரி மேல வரி ஏறி, எறும்புப் புத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. கத்தியால சுரண்டினேன். மெலிசுத் தோலாச்சே, கிழிஞ்சுது. இவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? இவர் தண்ணியில எழுதுவார். தண்ணி பட்டுச் சுருங்கின தாளை நான் உள் அறையில சட்டத்துல இழுத்துக் கட்டுவேன். நிறம் வைக்கற சாக்குல மூலப் பிரதியைப் பாத்து நானே எழுதுவேன்.

— எத்தனை தாள்?

— அதுக்கப்புறம் உங்களுக்கு வந்தது எல்லாமே. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க சாமி. இவருக்கு ஒண்ணும் தெரியாது.

— உக்காரும்மா. உன் மையை எடு. அவர் எழுதின அதே இடத்துல எழுது.

— தாள் ஈரத்துல சுருங்கியிருக்கு சாமி.

— பரவாயில்லை. எழுது.

— இந்தாங்க சாமி. ரெண்டாவது வரி கொஞ்சம் சாஞ்சிடுச்சு.

— சாயலை. இந்தக் கைதான். நான் வரி வரியாப் படிச்ச கை. பெரியவரே, புத்தகத்தை ஏத்துக்கறேன். கடைசித் தாள்ல எழுதினவர் பேரைப் போடுவீங்களே, அதுக்கு என்ன பண்றது?

— அமெலின்னு போடச் சொல்லுங்க. அடுத்த புத்தகத்தையும் அவகிட்டயே பேசுங்க. நான் பக்கத்துல உக்காந்து இறகு சீவறேன்.

— என்னங்க இது? கோவமே வரலையா? இத்தனை நாளா உங்களை வெறும் தண்ணியில எழுத விட்டிருக்கேன்!

— பாரேன், இவ்வளவு கெட்டிக்காரி ஒண்ணை மறந்துட்டே. முனையை நாக்குல வைக்காம எந்த எழுத்தன் முதல் எழுத்தைத் தொடங்குவான்? மாசிக்காய் மை துவர்க்கும்டி. நீ ஊத்தின முதல் நாளே நாக்குல புளிச்சுது.